மெதுவாக அனுப்புங்கள்



கடந்த மாதம் நம் சேகரத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரை அடக்கம் செய்தோம். அவர் தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பின்புறத்துத் தென்னைவரை ஒரு கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். அன்று கல்லறைத் தோட்டத்தில் நம் சபையார் அறியாத ஏழெட்டுப்பேர் ஒதுங்கி நின்றார்கள். அடக்கம் முடிந்தபின் அவர்களில் ஒருவர், தங்கள் நண்பர்களுக்குத் தாம் அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினார். பெரியவரின் பெயரே அதில் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக்குறி. அதை அடுத்து எஸ்.கே. என்று இரண்டெழுத்து, கடைசியில் 73. அவ்வளவே. அதைக் காட்டியவரின் கண்கள் கலங்கியிருந்தன. வாசித்த என் கண்களும் கலங்கின.

இரண்டு ஆண்டுகளுக்குமுன் இதைக் கண்டிருந்தால், யாரோ கைப்பேசியைத் தவறுதலாகத் தட்டிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பேன். அந்தச் சிறு செய்தியை வாசிக்க எனக்குக் கற்பித்தவரே அன்று மண்ணுக்குள் வைக்கப்பட்டவர்.

அவர் ஓர் அமெச்சூர் வானொலியாளர். 'ஹாம்' என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அரசின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, தம் வீட்டிலிருந்தே உலகின் எப்பகுதியில் உள்ளவரோடும் வானொலி அலைகளில் பேசுகிறவர்கள். நம் நாட்டாரின் அழைப்புக்குறி பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். நடமாட்டம் குறைந்தபின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஜெபத்துக்காக அவர் வீட்டுக்குச் செல்வேன். ஜெபம் பத்து நிமிடம்; வானொலி ஒரு மணி நேரம் என்று பிற்பாடு ஆகிவிட்டது. ஐயரம்மாவிடம் இதற்காக நான் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு.

முதல் நாளில் அவர் பேசிய தமிழ் எனக்கு விளங்கவில்லை. "நேத்து கியூ.ஆர்.என். ஜாஸ்தி, ஐயா. கியூ.எஸ்.பி. வேற. ஒரு டி.எக்ஸ். கிடைச்சுது, கியூ.எஸ்.எல். அனுப்புறேன்னாரு." நான் தலையாட்டினேன். அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். "விளங்கலேன்னா கேட்டுருங்க ஐயா. தலையாட்டக்கூடாது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வானத்து இடிமின்னலால் எழும் இரைச்சல் கியூ.ஆர்.என். ஒலி ஏறியும் இறங்கியும் தேய்வது கியூ.எஸ்.பி. டி.எக்ஸ். என்றால் தொலைதூரம். பேசியதை உறுதிப்படுத்தி ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பும் அட்டை கியூ.எஸ்.எல். அவ்வட்டைகளை அவர் பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தார். இக்குறிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவற்றின் சிக்கனம். அதே மூன்றெழுத்தின்பின் கேள்விக்குறி இட்டால் அது வினா, இடாவிட்டால் விடை. கியூ.டி.எச். என்று கேட்டால் 'நீர் இருக்குமிடம் எது' என்று பொருள். அதையே சொல்லி ஊர்ப்பெயரைச் சேர்த்தால் 'நான் இருப்பது இங்கே'.

இவை பிறந்த கதையை அவர் விரும்பிச் சொல்வார். ஒரு நாட்டுக் கப்பலின் தந்தியாளருக்கு மற்ற நாட்டுக் கரையின் மொழி தெரியாது. புயலில் மாட்டிக்கொண்டவன் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே, எம்மொழியாளருக்கும் ஒரே பொருள் தரும்படி மூன்றெழுத்துக் குறிகளை வகுத்தார்கள். 1912-இல் லண்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு அவற்றை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது. பொழுதுபோக்காளர்கள் அவற்றை எடுத்துக்கொண்டது பின்னர்தான். பிறரை வெளியே நிறுத்த எவரும் இவற்றை உண்டாக்கவில்லை. அந்நியன் அந்நியனோடு பேசுவதற்காகவே இவை உண்டாயின.

73 அதனினும் பழையது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தந்திக் கம்பிகளில் ஓடத் தொடங்கியது. 'அன்பான வாழ்த்துகள்' என்று பொருள். மோர்ஸில் ஏழுக்கு இரண்டு நெடிலும் மூன்று குறிலும். மூன்றுக்கு மூன்று குறிலும் இரண்டு நெடிலும். போவதும் வருவதும் ஒன்றுபோல் இருக்கும் ஒரு தாளம். பெரியவர் அதைக் கட்டிலின் விளிம்பில் விரலால் தட்டிக் காட்டுவார். எஸ்.கே. என்பது உரையாடல் முடிந்தது என்று சொல்லும் குறி. ஒருவர் மரித்தபின் அவர் அழைப்புக்குறியோடு அதைச் சேர்த்து எழுதினால், 'இவருடைய தந்திச் சாவி மௌனமாயிற்று' என்பது பொருள்.

ஒரு வியாழக்கிழமை அவர் சொன்ன மூன்றெழுத்துதான் இக்கட்டுரையை எழுதவைத்தது: கியூ.ஆர்.எஸ். 'மெதுவாக அனுப்புங்கள்.' புதிதாக மோர்ஸ் கற்ற ஒருவர் தட்டுத்தடுமாறி அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் அளிப்பவர் நாற்பது ஆண்டு அனுபவசாலியாக இருக்கலாம். ஆயினும் புதியவரின் வேகத்துக்கு இறங்கி வந்தே அவர் பதில் அனுப்பவேண்டும். அவர்களிடையே எழுதப்படாத ஒழுக்கம் இது. "வேகமா அடிச்சா கெட்டிக்காரன்னு அர்த்தமில்ல, ஐயா. எதிராளிக்கு விளங்கணும். விளங்கலேன்னா அனுப்புனவன் பேர்லதான் தப்பு, வாங்குனவன் பேர்ல இல்ல."

அன்று வீட்டுக்கு நடந்து திரும்பும்போது என் மனம் அந்த இளைஞரிடம் சென்றது.

அவரைச் சிலர் நினைவுகூரலாம். மூன்று ஆண்டுகளுக்குமுன் வேலைநிமித்தம் நம் ஊருக்கு வந்தவர். கிறிஸ்தவப் பின்னணி இல்லாதவர். யாரும் அழைக்காமல் தாமே வந்து, ஆறேழு ஞாயிறுகள் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பிறகு வரவில்லை. வேலை மாறிப்போயிருப்பார் என்று எண்ணினேன். உண்மையில் நான் அதிகம் எண்ணவுமில்லை. சென்ற ஆண்டு பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டார். ஊரைவிட்டு அவர் எங்கும் போகவில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கியபின் சொன்னார்.

அவர் கடைசியாக வந்தது நம் அசனத்தன்று. ஆராதனை முடிவில் நான் அறிவிப்பு வாசித்தேன்: "ஆசீர்வாதத்துக்குப்பின் அசனம் நடைபெறும். சேகர மக்கள் யாவரும் டோக்கனுடன் பங்குபெறக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அசனம் என்றால் பந்தி என்று அவருக்கு எப்படித் தெரியும்? "சேந்தவங்களுக்கு மட்டும் உள்ள ஏதோ சடங்குன்னு நெனச்சுட்டேன் ஐயா. வெளிய வந்தப்போ கறிக்கொழம்பு வாசம் வந்துச்சு. சாப்பாடுன்னு அப்போதான் விளங்கிச்சு. ஆனா கையில டோக்கன் இல்ல. கூப்பிடாத பந்தியில எப்படி உக்கார?" பேருந்து நிலையக் கடையில் பரோட்டா தின்றுவிட்டு அறைக்குப் போனாராம்.

செல்வரும் ஏழையும் ஒரே வரிசையில் ஒரே சோற்றை உண்ணவேண்டும் என்பதற்காக நம் முன்னோர் ஏற்படுத்திய பந்தி அது. அதன் வாசலில் ஒரு மனிதர் பசியோடு திரும்பிப்போனார். யாரும் அவரைத் துரத்தவில்லை. கைகாட்டி மறிக்கவுமில்லை. ஒரு சொல்லும் ஒரு சீட்டும் போதுமானதாயிருந்தன. அறிவிப்பை வாசித்தவன் நான்.

நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் துறையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தப்பியோடும் எப்பிராயீமனைக் கண்டுபிடிக்க, கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். 'சிபோலேத்' என்றவன் மாண்டான். நாற்பத்தீராயிரம் பேர் மடிந்தார்கள் என்கிறது வேதம். தமிழருக்கு இதில் கூடுதலாக ஒரு நடுக்கம் உண்டு. 'ஷ' நம் நாவுக்கு இயல்பானதன்று. அந்தத் துறையில் நம்மை நிறுத்தியிருந்தால் எத்தனைபேர் கரையேறியிருப்போமோ! இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், எப்போதும் கீலேயாத்தியரைக் குற்றவாளிகளாக வைத்து. நம் ஆலய வாசலையும் ஒரு துறையாக நான் நினைத்ததில்லை.

இதைச் சேகரக் கமிட்டியில் பேசியபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை.

வாலிபர் சிலர், பழைய சொற்களை அடியோடு நீக்கிவிடலாம் என்றார்கள். அசனத்தை 'மதிய உணவு' என்போம்; சேகரத்தை வேறு சொல்லால் சொல்வோம். என்னால் இதை ஏற்க இயலவில்லை. 73 என்பதை நீக்கி 'நன்றி, வணக்கம்' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அந்த எண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தந்தியாளர்களின் விரல்கள் இருக்கின்றன. மதிய உணவு எந்த ஓட்டலிலும் கிடைக்கும், அசனம் கிடைக்காது. மேலும், நெருக்கடியில் பொதுச்சொல் ஒரு வரம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, வானொலிப் பயணமாக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணியும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அத்தகைய நேரத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மூப்பர்களோ, "வந்து பழகினால் தானாகத் தெரிந்துகொள்வார்கள், நாமெல்லாம் அப்படித்தானே கற்றோம்" என்றார்கள். நாம் அப்படிக் கற்கவில்லை. தாயின் மடியில், ஓய்வுநாள் பாடசாலையில், பாட்டியோடு பந்தியில் அமர்ந்து கற்றோம். கற்றதே தெரியாதபடி கற்றோம். அந்த மடி இல்லாதவர், பழகப் பழகக் கற்பது வேறொன்று. அதை நான் அறிவேன். இறையியல் கல்லூரியில் முதல் ஆண்டு, பழைய ஏற்பாட்டு வகுப்பில் பேராசிரியர் ஜே, ஈ, டி, பி என்று நான்கு எழுத்துகளை வைத்துக்கொண்டு பேசுவார். ஐந்தாகமங்களின் பின்னால் இருப்பதாக அறிஞர் கருதும் மூலங்களின் பெயர்கள் அவை. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். கிராமத்திலிருந்து சென்ற நான், இரண்டு மாதம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் நன்கு கற்றது, தெரிந்ததுபோல் நடிப்பதை. பட்டம் பெற்று முதல் கிராமச் சபைக்கு வந்தபோது, அதே வகையான சொற்களை என் மக்கள்மேல் வீசினேன். அவர்களும் தலையாட்டினார்கள். நல்ல போதகர் கிடைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

வானொலியாளர்கள் யாவரும் பரிசுத்தர் என்று நான் சொல்லவரவில்லை. '73கள்' என்று பன்மையில் சொல்லிவிட்ட புதியவரைக் கேலிசெய்வோர் அங்கும் உண்டு. மோர்ஸ் தெரிந்தால்தான் குறுக்கலைக்கு உரிமம் என்ற சர்வதேச விதி 2003-இல் தளர்ந்தபோது, இனி வருகிறவர்கள் ஹாம்களே அல்லர் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நம் பெரியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். "நானும் ரெண்டு வருஷம் அவங்களோட பேசலை, ஐயா. பேசாம என்னத்தைக் காப்பாத்துனேன்?" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் மூத்தவரை அவர்கள் 'எல்மர்' என்கிறார்கள். 1971-இல் அமெரிக்காவின் கியூ.எஸ்.டி. என்ற வானொலி இதழ், புதியவர்களைப் பொறுமையோடு வளர்த்த எல்மர் என்ற ஒருவரைக் குறிப்பிட்டு எழுதியது. அந்தப் பெயரே பின்பு அப்பணி செய்யும் எல்லாருக்கும் ஆயிற்று. 'உன் எல்மர் யார்' என்று ஒருவரையொருவர் அன்போடு கேட்டுக்கொள்வார்கள். நம்மிடையே காணிக்கை எடுக்க ஆள் உண்டு, ஒலிபெருக்கிக்கு ஆள் உண்டு, காலணி வைக்குமிடத்துக்குக்கூட ஆள் உண்டு. கடைசி வரிசையில் புதியவர் பக்கத்தில் அமர்ந்து, "இப்போது பாமாலைப் புத்தகம், அடுத்தது கீர்த்தனைப் புத்தகம், ஐ.எம்.எஸ். காணிக்கை என்றால் மிஷனெரி ஊழியத்துக்கு, ஐயர் என்றால் இதோ மேடையில் நிற்கிறாரே, அவர்தான், வேறு ஐயர் அல்ல" என்று காதோடு சொல்ல ஒருவரும் இல்லை. கொரிந்து சபைக்கு எழுதுகையில் பவுல் அப்போஸ்தலன் கவலைப்பட்டதும், விளங்காமல் அமர்ந்திருக்கிற அந்த ஒருவனைக் குறித்தே. அவனால் ஆமென் சொல்லமுடியாதே என்பதே அவருடைய ஆதங்கம்.

கமிட்டி ஒரு மாதம் விவாதித்து, நான்கு பேரை இதற்கென ஏற்படுத்தியிருக்கிறது. இருவர் வாலிபர், இருவர் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒருவர் கேட்டார். இன்னொரு புதுச்சொல் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அசனம். அறிவிப்பை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: "ஆராதனை முடிந்ததும் அசனம். அதாவது எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பந்தி. சேகரத்தார் மட்டுமல்ல, இன்று இங்கே இருக்கிற எல்லாரும் உண்ணவேண்டும். சாப்பிடாமல் எவரும் போகக்கூடாது." பெரியவர் இருந்திருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். நீளம் அதிகம், தந்திக்குக் கட்டணம் கூடும் என்று சொல்லியிருப்பார்.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்த இளைஞரைத் தேடிப்போய், நானே வாசித்துக் காட்டினேன். வருவதாக அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது, டோக்கன் எங்கே வாங்கவேண்டும் என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.