வாகனத்துக்குக் காப்புறுதி உண்டு. அதில் செல்லும் பிள்ளைகளுக்கு?

வட அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாழ்வில் பெரும்பகுதி பெருந்தெருக்களிலேயே கழிகின்றது. வேலைத்தளம், பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை, கோயில், உறவினர் வீட்டுக் கொண்டாட்டம் என எங்கு செல்வதற்கும் மகிழுந்து இன்றியமையாததாகிவிட்டது. ஆயினும் வாகனக் காப்புறுதி என்று வரும்போது, ‘ஆகக் குறைந்த கட்டணம் யாரிடம்?’ என்ற ஒரே கேள்வியோடு பலர் நின்றுவிடுகின்றனர். கட்டணத்தைக் குறைப்பதற்காக முதலில் வெட்டப்படுகின்ற பிரிவே குடும்பத்துக்கு மிகவும் தேவையான பிரிவு என்பதை விபத்து நேர்ந்த பின்னரே அவர்கள் அறிகின்றனர்.

அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது பொறுப்புக் காப்புறுதியாகும். ஒரு சாரதி தன் தவறால் பிறருக்கு விளைவிக்கும் இழப்பை ஈடுசெய்வதே அதன் நோக்கம். பிறருடைய தவறால் அவருக்கும் அவரது குடும்பத்துக்கும் நேரும் இழப்புக்கு அது பொறுப்பேற்பதில்லை. வேறொருவர் வந்து மோதினால், பாதிக்கப்பட்டவர் எவ்வளவு பெறலாம் என்பதை மோதியவரின் காப்புறுதியே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. முன்பின் அறியாத ஒருவர், தன் வசதிக்கேற்பச் செய்த தெரிவின் மீது ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது என்பதே இதன் பொருள்.

அந்த முன்பின் அறியாதவரிடம் காப்புறுதி இருக்குமா? அமெரிக்கக் காப்புறுதி ஆய்வு மன்றத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் அந்நாட்டுச் சாரதிகளில் 12.6 வீதத்தினர், அதாவது எட்டில் ஒருவர், காப்புறுதியின்றி வாகனம் செலுத்தினர். மிசிசிப்பியில் அது 29.4 வீதமாகவும் நியூ ஜேர்சியில் 3.1 வீதமாகவும் இருந்தது. 2023இல் நாடளாவிய அளவு 15 வீதத்தைத் தாண்டியது. காப்புறுதி வைத்திருப்போரிலும் பலர் சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த தொகையோடு நின்றுவிடுகின்றனர். கலிபோர்னியாவில் ஒருவரின் உடற்காயத்துக்கான குறைந்தபட்சத் தொகை 1967 முதல் 2024 வரை வெறும் 15,000 டொலராகவே இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போக, அந்தத் தொகை மட்டும் அசையவில்லை. 2025 சனவரி 1 முதல் அது 30,000 டொலராக உயர்த்தப்பட்டது. நியூ யோர்க்கில் அது 25,000 டொலர். ஒரு சத்திரசிகிச்சையோடும் சில நாள் வைத்தியசாலை வாசத்தோடும் இத்தொகை கரைந்துவிடும் என்பதை அந்நாட்டில் வாழும் எவரும் அறிவர்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே இரண்டு பிரிவுகள் உள்ளன. காப்புறுதி ஆவணங்களில் ‘அன்இன்சூர்ட் மோட்டரிஸ்ட்’ எனக் குறிக்கப்படுவது, மோதியவரிடம் காப்புறுதியே இல்லாதபோது கைகொடுப்பது. மோதிவிட்டுத் தப்பியோடியவரால் நேரும் காயங்களுக்கும் இதுவே துணை. ‘அண்டர்இன்சூர்ட் மோட்டரிஸ்ட்’ எனக் குறிக்கப்படுவது, மோதியவரிடம் காப்புறுதி இருந்தும் அது போதாதபோது கைகொடுப்பது. இவ்விரண்டும் வாகனத்தோடு மட்டும் கட்டுண்டவை அல்ல. பெரும்பாலான மாநிலங்களில், காப்புறுதியாளரின் வீட்டில் வசிக்கும் பிள்ளை வீதியைக் கடக்கையிலோ துவிச்சக்கர வண்டியில் செல்கையிலோ வாகனத்தால் அடிபட்டாலும் இவை பொருந்தும்.

‘ஃபுல் கவரேஜ்’ என்னும் மயக்கம்

‘எங்களிடம் ஃபுல் கவரேஜ் இருக்கின்றது’ என்று பெருமையோடு கூறும் பெற்றோர் பலர். ஆனால் அச்சொல்லுக்குச் சட்டத்தில் வரையறுத்த பொருள் எதுவும் இல்லை. வழக்கில் அது குறிப்பது பொறுப்புக் காப்புறுதியோடு, மோதலாலும் களவு, தீ போன்றவற்றாலும் சொந்த வாகனத்துக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதியும் சேர்ந்ததையே. நசுங்கிய இரும்புக்கு ஈடு கிடைக்கும். முறிந்த முதுகெலும்புக்கு அதில் இடம் இல்லாமற் போகலாம். இருபதாயிரம் டொலர் வாகனத்தை முழுமையாகக் காத்துக்கொண்டு, அதனுள் அமர்ந்திருப்பவரைக் காக்கும் பிரிவைக் கையொப்பமிட்டு விலக்குவது சிக்கனம் ஆகாது.

ஆம், கையொப்பமிட்டுத்தான் விலக்குகின்றனர். கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களில் இப்பிரிவுகளை வேண்டாம் என்பவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முகவர் நீட்டும் பத்துப் பன்னிரண்டு தாள்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். முகவர் தெரிந்தவராகவோ ஊரவராகவோ இருந்தால் கேள்வி கேட்பதற்குக் கூச்சம். ஆங்கில ஆவணத்தை வாசித்து முடிப்பதற்கு நேரமின்மை. ஒரு நிமிடத்தில் இடப்படும் அக்கையொப்பமே பின்னொரு நாளில் வாசலை அடைத்துவிடுகின்றது.

தொகையில் உள்ள சூட்சுமம்

பிரிவு இருந்தால் மட்டும் போதாது. அதன் தொகையும் போதுமானதாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில், மோதியவரின் காப்புறுதித் தொகையைக் கழித்த பின் எஞ்சுவதே ‘அண்டர்இன்சூர்ட்’ பிரிவின் உச்ச அளவாகும். மோதியவரிடம் 30,000 டொலர், பாதிக்கப்பட்டவரின் பிரிவிலும் 30,000 டொலர் என்றால் மேலதிகமாக ஒரு சதமும் கிடையாது. அப்பிரிவு 100,000 டொலராக இருந்தால் 70,000 வரையும், 250,000 டொலராக இருந்தால் 220,000 வரையும் கிடைக்கலாம். குறைந்தபட்சத் தொகைக்கு இப்பிரிவை வாங்கிவிட்டு நிம்மதி கொள்பவர், குறைந்தபட்சக் காப்புறுதியோடு மோதுபவரிடமிருந்து எந்தப் பாதுகாப்பையும் பெறவில்லை. பொறுப்புக் காப்புறுதி எவ்வளவோ, அவ்வளவுக்கே இப்பிரிவுகளையும் உயர்த்திக்கொள்வது நல்ல அளவுகோல்.

மறுப்புகள் சில

‘வைத்தியக் காப்புறுதி இருக்கின்றதே, இது எதற்கு?’ என்பது முதற் கேள்வி. வைத்தியக் காப்புறுதி வைத்தியச் செலவைத்தான் ஏற்கும். அதுவும் முழுமையாக அன்று. வேலைக்குச் செல்ல இயலாத மாதங்களின் வருமானத்தையோ, நிரந்தர ஊனத்தால் இழந்த எதிர்கால உழைப்பையோ, வேதனைக்கான ஈட்டையோ அது தராது. குடும்பத்தில் ஒருவரின் சம்பளத்தில் வீட்டுக் கடனும் ஊரில் உள்ள பெற்றோரின் செலவும் தங்கியிருக்கும் இடத்தில் இது சிறிய விடயமன்று.

‘வழக்குப் போட்டு வாங்கலாம்’ என்பது இரண்டாவது. காப்புறுதிக்கே பணமில்லாதவரிடம் பெரும்பாலும் சொத்தும் இருப்பதில்லை. நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது.

‘பிறர் செய்யும் தவறுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்பது மூன்றாவது. இதில் நியாயம் உண்டு. காப்புறுதியின்றி ஓட்டுவோரைத் தடுப்பதும் குறைந்தபட்சத் தொகைகளைக் காலத்துக்கேற்ப உயர்த்துவதும் அரசின் கடமை. ஆனால் சட்டம் நடக்கும் வேகம் எத்தகையது என்பதற்குக் கலிபோர்னியாவின் 1967 கணக்கே சான்று. சட்டம் திருந்தும்வரை விபத்துகள் காத்திருப்பதில்லை.

எல்லை கடக்கும் கனடியத் தமிழர்

ஒன்ராறியோவில் வாழும் தமிழருக்கும் இது அயலார் கதை அன்று. அங்கு சட்டப்படியான குறைந்தபட்சப் பொறுப்புத் தொகை 200,000 டொலர். பத்து இலட்சமோ இருபது இலட்சமோ வைத்திருப்போர் பலர். காப்புறுதியற்ற சாரதிகளுக்கு எதிரான கட்டாயப் பிரிவும் உண்டு. ஆனால் அது அந்த 200,000 டொலர் எல்லைக்கு உட்பட்டது. அதற்கு மேற்பட்ட பாதுகாப்பைத் தருவது ‘ஓ.பி.சி.எஃப் 44ஆர்’ எனப்படும் குடும்பப் பாதுகாப்பு இணைப்பு. மோதியவரின் தொகை குறைவாக இருந்தால், காப்புறுதியாளரின் சொந்தப் பொறுப்புத் தொகை வரையான வேறுபாட்டை அது ஈடுசெய்கின்றது. இது விருப்பத்துக்குரியது, தானாக எல்லோரிடமும் இருப்பதன்று.

ரொறன்ரோவிலிருந்து நியூ யோர்க், நியூ ஜேர்சி என உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் விடுமுறைக்கும் குடும்பமாக வாகனத்தில் செல்வோர் எல்லையைக் கடந்ததும், 25,000 டொலர் காப்புறுதியோடு ஓடும் வாகனங்களின் நடுவே செல்கின்றனர். கடவுச்சீட்டை எடுத்துவைக்கும்போதே இவ்விணைப்பு தம்மிடம் உண்டா என்பதையும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இளையோரும் முதியோரும்

பல்கலைக்கழகம் செல்லும் இளையோர் தமக்கெனத் தனிக் காப்புறுதி எடுக்கும்போது ஆகக் குறைந்ததையே நாடுவது இயல்பு. உழைக்கும் வயது முழுவதும் முன்னே இருப்பதால், பெருங்காயத்தால் அதிகம் இழப்பவரும் அவர்களே. உணவு விநியோகம் செய்து உழைப்போர், தனிப்பட்ட காப்புறுதிகள் அத்தொழிலைப் பெரும்பாலும் விலக்கிவைப்பதை அறிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் யூபர் போன்ற வாகனங்களில் செல்லும் பயணிகளுக்கு இப்பிரிவில் இருந்த 10 இலட்சம் டொலர் பாதுகாப்பு, 2026 சனவரி 1 முதல் ஒருவருக்கு 60,000, ஒரு விபத்துக்கு 300,000 எனக் குறைக்கப்பட்டது. சொந்தக் காப்புறுதியின் தேவை இதனால் கூடியுள்ளது.

தாயகத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரின் நிலையும் கவனிக்கத்தக்கது. பிள்ளையின் வாகனத்தினுள் இருக்கையில் அவர்கள் பொதுவாக இப்பாதுகாப்பில் அடங்குவர். மாலையில் நடைபயிலச் செல்லும்போது அடிபட்டால், ‘அதே வீட்டில் வசிக்கும் உறவினர்’ என்ற வரையறைக்குள் அவர்கள் வருவார்களா என்பது வேறு கேள்வி. அதை அவர்கள் வருமுன்னரே நிறுவனத்திடம் கேட்டறிவது நல்லது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. காப்புறுதி ஆவணத்தின் முதற் பக்கங்களில் இப்பிரிவுகளும் தொகைகளும் எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் பார்க்க வேண்டும். அவற்றை உயர்த்தினால் ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்று முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காலக்கெடுவை மறத்தலாகாது: கலிபோர்னியாவில் தப்பியோடிய வாகனத்தைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் காவற்துறைக்கு அறிவிக்க வேண்டும். தம் நிறுவனத்துக்குத் தெரியாமல் எதிர்த்தரப்போடு சமரசம் செய்துகொள்வதும் உரிமையை இழக்கச் செய்யலாம்.

தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுதோறும் எத்தனையோ கலைவிழாக்களை நடத்துகின்றன. அவற்றில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த இளையோர் பெற்றோரின் ஆவணங்களை வாசித்து விளக்க ஏற்பாடு செய்தால், அது பெருந்தொண்டாக அமையும். விபத்துக்குப் பின் உண்டியல் குலுக்கிக் குடும்பங்களைத் தாங்கும் நல்லுள்ளம் இச்சமூகத்திடம் நிறைய உண்டு. அந்த உண்டியலுக்குத் தேவையே எழாதிருக்கச் செய்வதும் அதே நல்லுள்ளத்தின் கடமையாகும்.