ஒட்டாத பவளம் வாராக் கடன்

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவரிடம் விளக்கைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். உப்பு அளவு, கால்சியம், அலை உண்டாக்கும் பம்ப்... எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கருத்து இருக்கும். பவளத்துண்டைப் பாறையில் எப்படி ஒட்டினீர்கள் என்று கேட்டால் மட்டும், "அதுவா, சும்மா இடுக்கில் செருகி வைத்திருக்கேன்" என்று முடித்துவிடுவார்கள் பலர். என்னைக் கேட்டால் காசு கரைகிற இடமே அதுதான்.

நண்பர்களே, பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. பாலிப் என்ற சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் விலங்கு. ஒரு கிளையை வெட்டி எடுத்தால் அது தனியாக வளரும். கடலில் புயல் செய்வதும் இதைத்தான். ஒடிந்த கிளை ஆடாமல் ஓரிடத்தில் கிடந்தால், அதன் சதை கீழே பரவி, புதிதாகச் சுண்ணாம்பு படிந்து, பாறையைப் பிடித்துக்கொள்ளும். உருண்டுகொண்டே இருந்தால் சதை தேய்ந்து செத்துப்போகும்.

ஆக, கடைசியில் பவளம் தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிறது. அதுவரை சில வாரமோ சில மாதமோ அதை அசையாமல் வைத்திருப்பதுதான் பசையின் வேலை.

சிங்கப்பூரில் என் சித்தப்பா வீட்டில் ஒரு தொட்டி இருக்கிறது. லீவுக்குப் போனபோது அவரோடு இதைப் பற்றி வாதம் செய்தேன். "டேய், வெளிச்சம் ஒத்துக்கலைன்னா நாளைக்கு இடம் மாத்தணும். ஒட்டிட்டா எப்படிடா எடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கிறது. துண்டை முதலில் ஒரு சின்னப் பிளக்கிலோ கல்லிலோ உறுதியாக ஒட்டிவிட வேண்டும். அந்தக் கல்லைச் சில நாள் தாங்கித்தட்டில் வைத்துப் பார்க்கலாம். இடம் முடிவானதும் கல்லைப் பாறையில் ஒட்டலாம். பிறகு மாற்ற நினைத்தாலும் கல்லைத்தான் பெயர்க்கிறோம், பவளத்தைத் தொடுவதே இல்லை. சும்மா செருகி வைத்ததை ராத்திரி ஒரு நத்தையோ கடல் முள்ளெலியோ தள்ளிவிடும். காலையில் பார்த்தால் அது மணலில் குப்புறக் கிடக்கும், அல்லது பக்கத்துப் பவளத்தின் மேல் விழுந்து கொட்டு வாங்கியிருக்கும்.

ஒட்டுகிற முறையிலும் ரகசியம் எதுவும் இல்லை. சயனோஅக்ரிலேட் என்பது நம்ம ஊர் ஃபெவிக்விக் இனம்தான். ஈரம் பட்டால் இறுகும், அதனால் தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். ஆனால் நீர்த்த பசை வேண்டாம், ஓடிவிடும். ஜெல் வகைதான் சரி. பாறையில் ஒட்டும் இடத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் பாசி போகத் தேய்க்க வேண்டும். பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். துண்டின் அடியை டிஷ்யூவால் ஒற்றி, சதை இல்லாத எலும்புப் பகுதியில் மட்டும் பசை வைக்க வேண்டும். தண்ணீருக்குள் போனதும் பசையின் மேல் ஒரு தோல் படரும். துண்டை அழுத்தி லேசாகத் திருகினால்தான் தோல் கிழிந்து உள்ளே இருக்கும் பசை பாறையைப் பிடிக்கும். பலருடைய துண்டு விழுவது இந்தத் திருகலை விட்டுவிடுவதால்தான்.

கனமான துண்டு என்றால் எபாக்ஸி புட்டியும் வேண்டும். புட்டி பள்ளத்தை நிரப்பும், ஆனால் பாறையைச் சரியாகப் பிடிக்காது. அதனால் பசை, புட்டி, மறுபடி பசை என்று மூன்று அடுக்கு. புட்டி போட்ட அன்று ஸ்கிம்மர் பொங்கி வழியலாம், கவனம்.

எல்லாவற்றையும் ஒட்டவும் கூடாது. காளான் பவளம் வழவழவென்று சளி விடும், பசை நிற்காது. ஒரு கிண்ணத்தில் சிறு கற்களோடு போட்டு மேலே வலை கட்டினால் அதுவே கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஃபங்கியா மணலில் சும்மா கிடக்கவே பிறந்தது. ஜோயாந்தஸ் வகையில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். பருத்திக் கையுறை வேண்டவே வேண்டாம், இந்தப் பசை பருத்தியில் பட்டால் சூடேறிச் சுடும்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் என்று தோன்றலாம். ஆனால் ஃபுளோரிடாவில் மோட் ஆய்வகத்தின் டேவிட் வான் எல்க்ஹார்ன் போன்ற பவளங்களைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டி, தட்டுகளில் ஒட்டி வேகமாக வளர்த்துக் காட்டினார். அவை பிறகு கடலில் நடப்பட்டன. நம் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் சிமெண்ட் சட்டங்களில் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். அங்கே பசை, இங்கே கயிறு. இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான்: ஆடக்கூடாது. 2023 கோடை வெப்பத்தில் ஃபுளோரிடாவில் நட்டவற்றில் ஏராளமானவை செத்துப்போனதும் உண்மை. பசையால் கடலைக் குளிர்விக்க முடியாது. வீட்டுத் தொட்டியின் வெப்பமோ நம் கையில்தான் இருக்கிறது, எனவே அங்கே சாக்கு சொல்லவும் வழியில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியைப் போல. கரையில் ஒடிந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களும் வளர்ப்புப் பவளத்தில் வெட்டிய துண்டையே வாங்குங்கள். அந்தத் துண்டு பிழைத்து வளர்ந்தால் அதிலிருந்து இன்னும் நாலு பேருக்கு வெட்டிக் கொடுக்கலாம். செத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வாங்குவோம், அது கடலில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

பி.காம் படிக்கிறவன் புத்தி இப்படித்தான் கணக்குப் போடும். ஆடுகிற பவளத்தைச் சொத்துப் பக்கத்தில் எழுதாதீர்கள், அது வாராக் கடன். ஒரு ட்யூப் பசையும் பத்து நிமிடமும்தான் செலவு. விளக்குக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.