தெரிந்தும் மூழ்கியவர்கள்

உதகமண்டலத்தின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிவுற்ற நிறுவனம் என்று 1996-இல் அறிவிக்கப்பட்டது. அதன் தொழிலாளர்களின் விருப்ப ஓய்வுக்காக 181.54 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2014-இல். இடையில் 18 ஆண்டுகள். அதே காலத்துக்குள் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம், பிலிம் விற்றுப் பிழைத்த நிலையிலிருந்து மருந்து, மருத்துவக் கருவி, எல்சிடி திரைக்கான பொருள், முகப்பூச்சு என்று ஆளே மாறிப்போனது. அமெரிக்காவின் கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. மூன்றும் விற்றது ஒரே சரக்கு. அந்தச் சரக்கைக் காலாவதியாக்கியது ஒரே டிஜிட்டல்.

மாறும் தொழில்நுட்பத்துக்கு ஈடுகொடுப்பது எப்படி என்று நிறுவனங்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் கோடக்கைத் தொடாமல் போவதில்லை. டிஜிட்டல் கேமராவைத் தானே கண்டுபிடித்துவிட்டு, பிலிம் விற்பனை படுத்துவிடுமே என்று பயந்து அதைப் பூட்டி வைத்தது. அதனால் அழிந்தது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாதிதான் உண்மை.

கோடக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் 1975-இல் அந்தக் கேமராவைச் செய்தார். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. படத்தின் துல்லியமோ 0.01 மெகாபிக்சல். 1981-இல் நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஓர் ஆய்வு, டிஜிட்டல் வரத்தான் போகிறது, தயாராக ஏறக்குறைய பத்தாண்டு அவகாசம் இருக்கிறது என்று எழுதியே கொடுத்தது. பிறகு கோடக் சும்மாவும் இருக்கவில்லை. 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் அதற்கே முதலிடம். முதலிடம் பிடித்தவனைப் பார்த்து, வருவது தெரியாமல் தூங்கினான் என்று எப்படிச் சொல்வது?

இடறியது கணக்கில். பிலிம் தொழிலில் ஒருவர் கேமரா வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்கச் சுருள் வாங்குவார், கழுவுவார், பிரிண்ட் போடுவார். ஒவ்வொரு படியிலும் கோடக்குக்குக் காசு. அதுபோக, வண்ணப் பிலிமில் பல அடுக்கு ரசாயனத்தை முடியைவிட மெல்லிய கனத்துக்குள் பிசிறில்லாமல் பூசும் வித்தை உலகில் ஒரு கை விரலுக்குள் அடங்கும் நிறுவனங்களுக்கே தெரியும். டிஜிட்டலில் இந்த மதில் இடிந்துவிட்டது. சென்சாரையும் சில்லுகளையும் லென்ஸையும் சந்தையில் வாங்கிக் கோத்தால் யாரும் கேமரா செய்யலாம். விலை ஆண்டுதோறும் சரியும். விற்ற பிறகு வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். கோடக்கின் டிஜிட்டல் பிரிவை நடத்திய வில்லி ஷீயே பின்னாளில் இதைத்தான் எடுத்துச் சொன்னார். ஆக, கோடக் புதிய தொழிலுக்கு வந்துதான் சேர்ந்தது. அங்கே லாபம் இல்லை. மிச்சமிருந்ததையும் செல்போன் விழுங்கியது.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஃபியூஜிக்கு இருந்த ரசாயன அறிவு கோடக்குக்கும் இருந்தது. 1988-இல் 510 கோடி டாலர் கொடுத்து ஸ்டெர்லிங் என்ற மருந்து நிறுவனத்தையே வாங்கியது. 1994-இல் அதை விற்றது. அதே ஆண்டு தன் ரசாயனத் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 2007-இல் மருத்துவப் படப் பிரிவையும் விற்றது. ஒவ்வொரு விற்பனைக்கும் அன்றைக்கு நியாயமான காரணம் இருந்தது: கடன், பங்குதாரர்கள், ‘நமக்குத் தெரிந்த தொழிலை மட்டும் பார்ப்போம்’ என்ற அறிவுரை. விதைநெல்லை விற்று வட்டி கட்டியதுபோல் ஆயிற்று.

ஃபியூஜி வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கியது. 2000-இல் தலைமைக்கு வந்த ஷிகெடாகா கொமோரி, கைவசம் என்னென்ன வித்தை இருக்கிறது என்று தன் ஆராய்ச்சிக்காரர்களை முழுதாகக் கணக்கெடுக்கச் சொன்னார். என்ன பொருள் விற்கலாம் என்பது அதற்குப் பிறகுதான். பிலிமின் அடித்தாளுக்குச் செய்துவந்த டிஏசி தாள், எல்சிடி திரைக்கு அத்தியாவசியமாக இருந்தது. அதில் பெரும்பணம் போட்டார்கள். பிலிமில் கணிசமான பங்கு ஜெலட்டின், அதாவது கொலாஜனிலிருந்து எடுப்பது. புகைப்படம் வெளிறுவதும் தோல் மூப்படைவதும் ஆக்சிஜனேற்றத்தோடு தொடர்புடையவை. அதைத் தடுக்கும் சேர்மங்களைப் பற்றி அவர்களுக்குப் பல்லாண்டு அனுபவம். 2007-இல் அஸ்டாலிஃப்ட் முகப்பூச்சு கடைக்கு வந்தது. 2008-இல் டொயாமா கெமிக்கல் என்ற மருந்து நிறுவனம் கைக்கு வந்தது.

இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. எல்சிடி தொலைக்காட்சி அந்தச் சமயத்தில் வீடுவீடாக நுழைந்தது நல்ல நேரம். பழைய தொழிலில் சேர்ந்த ரொக்கம் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பவும் செய்தார்கள். ஆனாலும் பிலிம் லாபம் தந்துகொண்டிருந்த நாளிலேயே, அந்த லாபத்தை எடுத்து வேறு இடத்தில் போடும் அதிகாரம் கொமோரிக்கு இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தினார். கோடக்கின் தலைவர்களுக்குக் கடன்காரர்களும் பங்குச்சந்தையும் அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை.

ஊட்டிக்கு வருவோம். 1960-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம், பிரான்ஸின் பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. பிலிம் பூசுவதற்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் நீலகிரி. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்-ரே பிலிமும் சந்தைக்குப் போயின; தொழிலாளர் குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயர். பாலியஸ்டர் எக்ஸ்-ரே பிலிமுக்காகக் கடன் வாங்கிப் பெரிய ஆலை போட்டார்கள். அந்தக் கடன் சுமை ஏறிய காலத்திலேயே, தாராளமயத்தால் இறக்குமதி வரி இறங்கி வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது. இதுவரை நடந்ததை விதி என்று விட்டுவிடலாம்.

பிறகு நடந்ததை அப்படி விட முடியாது. இந்த நிறுவனத்தின் வித்தையில் பெரும்பகுதி இரவல். முதலில் பிரான்ஸ், பிறகு அமெரிக்கா. கணக்கெடுக்க உட்கார்ந்திருந்தால்கூட ஃபியூஜி அளவுக்குப் பட்டியல் நீண்டிருக்காது. அதைவிட முக்கியமானது, பெரிய முடிவு எதையும் ஊட்டியில் எடுக்க முடியாது. அமைச்சகம், நலிவுற்ற ஆலைகளுக்கான வாரியம், நீதிமன்றம் என்று கோப்பு சுற்றியது. மூடவும் இல்லை, மாற்றவும் இல்லை. 35 வயதில் ‘ஆலை இனி ஓடாது’ என்று ஒருவரிடம் சொல்லிக் கையில் பணமும் கொடுத்தால் அவர் வேறு வாழ்க்கை தேடிக்கொள்வார். 53 வயதில் சொன்னால் என்ன செய்வார்? மாற்றத்தைத் தள்ளிப்போடுவது தொழிலாளர் மீதுள்ள இரக்கம் என்று இங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது. 18 வருடம் காத்திருந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பழைய தொழில் போகுமென்று தெரிந்தபின் என்ன செய்வது என்ற கேள்வி இன்று கோவை, ஓசூர், அம்பத்தூர் வாகன உதிரிபாகப் பட்டறைகளின் வாசலில் நிற்கிறது. மின்வாகனத்தில் பிஸ்டன் இல்லை, சைலன்சர் இல்லை, எரிபொருள் பம்ப் இல்லை. தமிழ்நாடு 2019-இல் மின்வாகனக் கொள்கை வெளியிட்டு 2023-இல் திருத்தியும் விட்டது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின் ஸ்கூட்டர்கள் ஆலையைவிட்டு வந்துகொண்டிருக்கின்றன. வருவது தெரியாத பட்டறைக்காரர் யாரும் இல்லை.

கோவைக்கு இது பழகிய பாதை என்று ஒரு தெம்பும் உண்டு. பஞ்சாலை ஊரில் 1937-இல் மோட்டார் செய்தார்கள். பம்ப்செட், ஜவுளி இயந்திரம், வாகன உதிரிபாகம் என்று கை மாறி மாறி வந்தார்கள். லேத் பிடித்தவரே பட்டறை வைத்தார். வித்தையும் முடிவும் ஒரே ஆளிடம் இருந்தன. இன்றைய ஜாப் ஒர்க் பட்டறைக்கு அந்த வசதி இல்லை. டிராயிங் பெரிய நிறுவனம் தருவது, விலையும் அவர்கள் சொல்வதே. பில் தொகை வர மாதங்கள் ஆகும். இவர்களைப் பயிலரங்கில் உட்கார வைத்து ‘எதிர்காலத்துக்குத் தயாராகுங்கள்’ என்று படம் போட்டுக் காட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

சில மைக்ரான் துல்லியத்தில் உலோகத்தைக் கடையத் தெரிந்தவர், எலும்பு முறிவுக்கு வைக்கும் தகட்டையோ ஜவுளி இயந்திரப் பாகத்தையோ செய்ய முடியும். ஆனால் முதல் ஆர்டருக்கு முன் மாதிரி செய்து, சோதனைக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கி, திருப்பி அனுப்பினால் மறுபடி செய்ய வேண்டும். இயந்திரம் வாங்க வங்கி கடன் தரும். இயந்திரமே அதற்கு அடமானம். வருமானமில்லாத அந்த இடைக்காலத்துக்கு அடமானம் ஏதும் கிடையாது. ஃபியூஜிக்கு அந்தச் செலவைப் பிலிம் லாபம் ஏற்றது. பத்து லேத் வைத்திருப்பவருக்குத் தொழில் சங்கங்களின் பொதுச் சோதனைக்கூடமும் அரசின் பொறுமையான பணமும்தான் ஏற்க வேண்டும். அதுவும் பழைய ஆர்டர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் இப்போதே.