சம்பளச் சீட்டில் யார் பெயர்?

சம்பள நாள் இரவு தோட்டத்து லயங்களில் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். ஒரு வீட்டில் சிரிப்பு, அடுத்த வீட்டில் சண்டை. சிரிப்புக்கும் சண்டைக்கும் காரணம் ஒன்றுதான்: காசு. "நான் சம்பாதிக்கிறேன், நான் செலவு பண்றேன், உனக்கென்ன?" என்று ஒரு குரல். "அப்ப நான் சும்மாவா உட்கார்ந்திருக்கேன்?" என்று இன்னொரு குரல். அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக் கொள்வார்கள். புருஷன் பெண்சாதி சண்டையில் நமக்கென்ன வேலை என்பது அவர்கள் நினைப்பு.

நமக்கு வேலை இருக்கிறது என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து கணவனும் மனைவியும் நம்மைப் பார்க்க வந்தார்கள். ஊரும் பெயரும் வேண்டாம். கணவர் குலை வெட்டுகிறவர். நல்ல உழைப்பாளி. குடிப்பழக்கம் இல்லை. ஆனால் கையில் காசு இருந்தால் நிற்காது. ஓய்வு நாளிலும் வேலைக்குப் போவார், ஆசைப்பட்டதை வாங்குவார். மனைவியின் போக்கு வேறு. "உடம்பு கெட உழைக்க வேண்டாம், வர்றதுல கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்" என்பவர். கணவர் தவணையில் ஒரு புது மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டார். அதற்குப் போட்டியாக அந்தம்மா கணவருக்குத் தெரியாமல் கூட்டுப் போட்டிருக்கிறார். கூட்டு எடுத்தவர் கம்பி நீட்டிவிட்டார். குட்டு வெளிப்பட்டதும் வீடு ரெண்டுபட்டது.

"அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. மாடு மாதிரி உழைக்கிறேன். ஓய்வு நாள்லகூட போறேன். ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தது குத்தமா?" என்றார் அவர்.

அந்தம்மா சட்டென்று சொன்னார்: "ஓய்வு நாள்ல நீங்க மட்டுமா போனீங்க? நானும்தானே சாக்கைத் தூக்கிக்கிட்டு பின்னால வந்தேன்?"

நாம் சம்பளச் சீட்டைக் கேட்டோம். கணவர் எடுத்து நீட்டினார். 2,300 வெள்ளி. "தங்கச்சி, உங்க சீட்டு எங்கே?" என்று கேட்டோம். "எனக்கு ஏதுண்ணே சீட்டு? எல்லாம் அவர் பேர்லதான்" என்றார்.

தோழர்களே, வழக்கே இங்குதான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலும் இல்லை, கூட்டிலும் இல்லை.

ரப்பர் காலத்தில் புருஷனுக்கு ஒரு நிரை, பெண்சாதிக்கு ஒரு நிரை. இருவர் பெயரும் செக்ரோலில் இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு பல இடங்களில் நிலைமை மாறியது. குலை வெட்டுகிறவர் பெயர் மட்டும் பதிவாகிறது. உதிர்ந்த பழத்தைக் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டும் மனைவி வெறும் 'கூடமாட உதவி'. அவர் பொறுக்கியதும் கணவன் கணக்கிலேயே ஏறுகிறது.

இப்போது அந்த 2,300 வெள்ளியைப் பாருங்கள். ஒருவர் சம்பளம் என்றால் பரவாயில்லை என்று தோன்றும். இரண்டு பேர் உழைத்தது என்றால் தலைக்கு 1,150தான். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் அது பொருந்தும். அந்த இருவரும் முழு நாள் தொழிலாளியாகப் பதிவாகியிருந்தால் வீட்டுக்கு 3,400 வெள்ளி வந்திருக்க வேண்டும். மீதி 1,100 வெள்ளி எங்கே போயிற்று? அது முதலாளியின் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்க வேண்டிய இரண்டு பேரும் வீட்டில் ஒருவரையொருவர் ஊதாரி, கஞ்சம் என்று திட்டிக் கொண்டிருக்கிறார்கள்!

அத்துடன் போகவில்லை. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு 187 வெள்ளி. முதலாளி தர வேண்டிய 13 விழுக்காடு 221 வெள்ளி. மாதம் 408. பத்து வருஷத்தில் இலாப ஈவு இல்லாமலே 48,960 வெள்ளி. செக்ரோலில் பெயர் இல்லாத மனைவிக்கு இது பூஜ்யம். மட்டை விழுந்து கால் ஒடிந்தால் சொக்சோவில் தொழிலாளி என்று நிரூபிக்கவே அலைய வேண்டும். 2023 முதல் 98 நாளாக உயர்ந்துள்ள பேறுகால விடுப்பைக் கேட்கவும் வழியில்லை.

"பேரைப் பதிஞ்சா அவளுக்கும் சம்பளத்துல பிடிப்பாங்களே அண்ணே?" என்று சில கணவன்மார் கேட்கிறார்கள். இப்போதும்தான் பிடிக்கிறார்கள், தம்பி! அந்தம்மா உழைத்த காசிலும் பிடிக்கிறார்கள். போய்ச் சேரும் கணக்குத்தான் உங்களுடையது.

ஆகவே, மனைவியைக் காட்டுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு கணவரும் முதலில் செய்ய வேண்டியது, ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதியச் சொல்வது. மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். தொழிலாளர் இலாகாவிலும் புகார் கொடுக்கலாம். தனியாளாகக் கேட்டால் கிராணி கையை விரிப்பார். இருபது குடும்பம் சேர்ந்து கேட்டால் மேனேஜர் நாற்காலி போட்டுப் பேசுவார்.

இதைச் சொன்னதும் நமது பெண்மணிகள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணக்கு இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும். தவணைக்குச் சேலை எடுத்ததையும், தாலிக்கொடி அடகுக்கடையில் இருப்பதையும், கூட்டுப் போட்டதையும் கணவருக்கு மறைப்பது எந்த நியாயம்? கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. அந்த அளவுக்கு நாம் ஏமாந்திருக்கிறோம்!

புருஷனுக்குச் செலவில் ஆசை, பெண்சாதிக்குச் சேமிப்பில் ஆசை. சில வீடுகளில் இது தலைகீழ். இரண்டு பேருக்கும் ஒரே குணம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒளிவுமறைவு கூடாது என்றுதான் சொல்கிறோம். சம்பளத்தன்று இரவு பிள்ளைகள் தூங்கியதும் இருவரும் உட்காருங்கள். சீட்டுகளையும் கடைக்காரரின் 555 புத்தகத்தையும் எதிரில் வையுங்கள். கடைப்பற்று, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, தவணை, சேமிப்பு என்று முதலில் பிரியுங்கள். பிறகு ஆளுக்கு ஐம்பதோ இருபதோ கைச்செலவுக்கு எடுத்துக் கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் டீக்கடையில் செலவழிக்கட்டும், அந்தம்மா பூ வாங்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொன்று. சேமநிதியில் யாரை வாரிசாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதி, கல்யாணத்துக்குப் பிறகு மறந்துவிட்டவர்கள் ஏராளம். பிறகு அழுவது மனைவி மக்கள்தான்.

"மிஞ்சினால்தானே அண்ணே சேமிக்கிறது?" என்று கேட்பீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பங்குப் பணம் கட்டியவர்கள் யார்? மரம் வெட்டிய நம் அப்பன் ஆத்தாதான். அவர்கள் கையில் என்ன மிஞ்சியது? சிறுகச் சிறுகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள்.

நம்மைப் பார்க்க வந்த அந்தத் தம்பதி திரும்பும்போது கணவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். பின்னால் உட்காரும் முன் அந்தம்மா கேட்டார்: "நாளைக்கு ஆபீசுக்கு நானும் வரட்டுமா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வராம எப்படி? உன் பேரைத்தானே எழுதணும்" என்றார்.

உங்கள் வீட்டுச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.