பக்கத்து வீட்டு வில்லாளி

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் நம் காலைக் கூட்டத்தில் போன வாரம் ஒரு பஞ்சாயத்து. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்த கதையைச் சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரர் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போவார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் நின்றேவிட்டார். "என்னய்யா, மானைக் கொல்றவன்கூடவா சுத்திட்டு வந்தீரு? படிச்ச நாடுன்னு சொல்றாங்க, இப்படிக் காட்டுமிராண்டியா இருக்காங்களே!" மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அந்த மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள். அங்கே நின்று பேசத் தோதுப்படவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மகள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், லான்சிங் நகரத்தைத் தாண்டிப் போனால் சோளக்காடும் சோயாவும் ஓக் மரங்களுமாக இருக்கிற பகுதி. செப்டம்பர் கடைசியில் போய் இறங்கினோம். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும். கார்த் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் துணிக் கொடி ஒன்றில் சட்டை, பேன்ட், தொப்பி எல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. இலையும் கிளையுமாக அச்சடித்த துணிகள். அந்த ஊரில் துணியை வெளியில் காயப்போட்டு நான் பார்த்ததே இல்லை, எல்லாம் மெஷினில்தான். விசாரித்தால், வாசனையில்லாத சோப்பில் துவைத்துக் காற்றில் உலர்த்துகிறாராம். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் எமன் என்றார். அக்டோபர் 1ஆம் தேதி வில் சீசன் ஆரம்பம். நவம்பர் 14 வரை வில். 15ஆம் தேதியிலிருந்து துப்பாக்கி. அந்த நவம்பர் 15 அங்கே நம் ஊர் மாட்டுப் பொங்கல் மாதிரி. சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அவர் துப்பாக்கிக்காரர் இல்லை. வில்தான். நாற்பது வருஷமாக.

வில் என்றதும் ராமர் கையில் இருப்பதை நினைத்துக்கொண்டு போனேன். அவர் காட்டியது இரண்டு முனையிலும் சக்கரமும் கம்பியுமாக, கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு சாமான். காம்பவுண்ட் வில் என்கிறார்கள். மிசௌரி மாநிலத்தில் ஆலன் என்பவர் கண்டுபிடித்து 1969இல் காப்புரிமை வாங்கியது. இழுக்க அறுபது, எழுபது பவுண்டு பலம் வேண்டும். முழுக்க இழுத்துவிட்டால் அந்தச் சக்கரங்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். நான் இழுத்துப் பார்த்தேன். பாதி வரைக்கும்கூட வரவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது எனக்குக் கொஞ்சம் அவமானம்தான்.

அந்த வில்லுக்கு ஒரு வரலாறு உண்டு, அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1911இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு செவ்விந்தியர் பசியோடு தனியாக வந்து நின்றார். யாஹி என்கிற இனத்தின் கடைசி மனிதர். மற்றவர்களையெல்லாம் குடியேறிய வெள்ளைக்காரர்கள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். வேட்டை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். இஷி என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷி 1916இல் காசநோயில் போய்ச் சேர்ந்தார். போப் 1923இல் புத்தகம் எழுதினார். போப்பின் கூட்டாளி ஆர்ட் யங் அலாஸ்காவில் வில்லோடு எடுத்த படத்தை 1927இல் டெட்ராய்ட்டில் பார்த்தவர் ஃப்ரெட் பேர் என்கிற கார்த் தொழிற்சாலை ஊழியர். அவர்தான் பிறகு வில் கம்பெனி ஆரம்பித்து, மிச்சிகனின் கிரேலிங் ஊரில் பெரிய அளவில் செய்து, நாடு முழுக்கப் பரப்பியவர். ஒரு இனத்தையே அழித்துவிட்டு, அதன் கடைசி ஆள் கையிலிருந்து வித்தையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் இதைச் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனி நான் கண்ணால் பார்த்தது. ஓக் மரத்தில் பதினைந்து, இருபது அடி உயரத்தில் பரண். இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு வார். பரணிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர்கள் அங்கே நிறைய. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரைதான் சட்டப்படி வேட்டை. மூன்று மணி, நாலு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். காற்று திசை மாறினால் இறங்கி வந்துவிடுவார். இருபது கஜம், மிஞ்சினால் முப்பது. அதற்கு மேல் அவர் எய்ய மாட்டார். போன இருபது நாளும் ஒரு அம்புகூட விடாமல் திரும்பி வந்தார். "இதென்னங்க, கோயிலுக்குப் போயிட்டு வர்ற மாதிரி வெறுங்கையோட வர்றாரு" என்று என் வீட்டம்மா கேட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஏழேகால் இருக்கும், இருட்டில் வந்து கதவைத் தட்டினார். முகம் சரியில்லை. ஆறரை மணிக்கு ஒரு பெட்டை மானை எய்தாராம். எய்கிற நேரத்தில் அது ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. திரும்பக் கிடைத்த அம்பை என்னிடம் காட்டினார். ரத்தத்தோடு பச்சையாக ஏதோ அப்பியிருந்தது, நாற்றம். அம்பில் நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல், சில நிமிஷங்களில் விழுந்துவிடும். பச்சை என்றால் குடல். உடனே பின்னால் போனால் பயந்து மைல் கணக்கில் ஓடிவிடும். அதனால் விடியும்வரை விட்டுவைக்க வேண்டும், எங்காவது படுத்துச் சாகும். அதை விளக்கிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. காலையில் கண் துணைக்கு வர முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அந்த ராத்திரி அவர் வீட்டு அடுப்படியில் விளக்கு அணையவே இல்லை. எனக்கும் தூக்கம் இல்லை. வெளியே எங்கோ கயோட்டிகள் ஊளையிட்டன. நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட பிராணி.

காலையில் போனோம். ஒரு இலையில் ஒரு சொட்டு, பத்தடி தள்ளி ஒரு சொட்டு. நான் பார்க்கிற ரத்தமெல்லாம் சிவந்த மேப்பிள் இலையாகவே இருந்தது, உதவி என்று சொல்ல முடியாது. தடம் ஒரு வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குப் போயிற்று. அங்கே அனுமதி கேட்காமல் காலை வைக்கக் கூடாது. அந்த வீட்டுக்கு நடந்து போய், கதவைத் தட்டி, "நேற்று மோசமாக எய்துவிட்டேன்" என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லி அனுமதி வாங்கினார். எழுபது வயசு மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு மணி வாக்கில் ஓடை ஓரத்தில் கண்டுபிடித்தோம். பின்பாதியைக் கயோட்டிகள் தின்றிருந்தன. கறி எதற்கும் ஆகாது.

சட்டைப் பையிலிருந்து வேட்டைச் சீட்டை எடுத்து, தேதி குறித்து, மானின் காதில் கட்டினார். அந்தச் சீட்டுக்கு ஒரு மான்தான். கட்டிவிட்டால் தீர்ந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. "கறிதான் கிடைக்கவில்லையே, இதற்கு ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். "செத்தது மான்தானே, கணக்கில் வர வேண்டாமா?" என்றார். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்தவன் நான். அதில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கோடு அடிப்பார்கள் என்று தெரியும். பதில் பேசவில்லை.

தலைமை ஆசிரியர் இதையும் என் எதிர்க்கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜீவன் ராத்திரி முழுக்க வலியில் கிடந்தது. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. வில் வேட்டையில் எனக்கு இருக்கிற பெரிய ஆட்சேபணையே அதுதான். துப்பாக்கியைவிட வில்லில் வீரம் அதிகம், மானுக்கும் சம வாய்ப்பு என்றெல்லாம் அங்கே பெருமை பேசுகிறார்கள். மானுக்கு என்ன வாய்ப்பு? அம்பு ரத்தம் வடியவைத்துத்தான் கொல்லும். குறி அரை அடி தப்பினால் விலை கொடுப்பது மான். சம வாய்ப்பு என்று பேசுகிற யாரும் அந்த அடுப்படி விளக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு கூட்டமும் அங்கே உண்டு. மரத்துக்கு மரம் கேமரா கட்டி, மான் வந்ததும் படம் செல்போனுக்கு வந்துவிடும். வீட்டில் பீர் குடித்துக்கொண்டே எந்த மானுக்குக் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுவார்கள். மிச்சிகனின் தென்பாதியில் தீனி குவித்து மானை வரவழைப்பதை, மான்களுக்கு வரும் ஒரு கொடிய நோயைக் காரணம் காட்டி 2019இல் தடை செய்தார்கள். அதை மீறிக் கேரட்டும் சர்க்கரைக் கிழங்கும் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம். கொம்பைச் சுவரில் மாட்டக் கொல்வதை எந்த நியாயத்திலும் என்னால் சேர்க்க முடியவில்லை.

ஆனால் காட்டுமிராண்டி என்று மொத்தமாகச் சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கச் சேர்த்தே ஐந்து லட்சம் வெள்ளைவால் மான்தான் மிச்சம் என்று கணக்கு. கடைக்குக் கறி விற்கச் சுட்டுச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். பிறகுதான் சட்டம் போட்டு, காட்டு மான் கறியை விற்கவே கூடாது என்று நிறுத்தினார்கள். இன்றைக்கு மூன்று கோடி அளவில் இருக்கிறது. 1937இல் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் காட்டு விலங்குகளின் பாதுகாப்புக்கு. 1970களில் வில்லையும் அதில் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தில் ஓநாயை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். இப்போது மானைக் குறைப்பது காரும் பனியும் வேட்டைக்காரனும்தான். மிச்சிகனில் மட்டும் வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் மான் மோதிய சாலை விபத்துகள். நவம்பரில் என் மருமகன் காரிலேயே ஒன்று மோதியது. மான் முன்னங்கால் ஒடிந்து சாலையோரம் எழுந்து எழுந்து விழுந்ததைப் பேத்தியும் பார்த்தாள். அதற்கு யாரும் சீட்டுக் கட்டவில்லை.

தீபாவளிக்கு அங்குள்ள நம்மவர்கள் கூடிய விருந்திலும் இதே பேச்சு வந்தது. ஒரு தம்பி சிக்கன் 65ஐ மென்றுகொண்டே "இந்த ஊர்க்காரங்க ரொம்பக் கொடூரம் அங்கிள்" என்றார். "தம்பி, இந்தக் கோழிக்குக் காற்று எந்தப் பக்கம் அடிச்சதுன்னு யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டேன். வீட்டம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சுத்த சைவம் சாப்பிடுகிறவர் கேட்டால் நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன், அவருக்கு உரிமை உண்டு. நமக்கு எங்கிருந்து வந்தது? முப்பது வருஷமாக ஒரே கடையில் தொடைக்கறி வாங்குகிறேன். கடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஆட்டை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படியானால் நம் ஊரிலும் அனுமதிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். என் சின்ன வயதில் சிவராத்திரி கழிந்து ஊரே நாய்களோடு பாரிவேட்டைக்குப் போகும். எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் வளரி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. முயல் கறியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பார்கள். இப்போது அந்தப் பொட்டலெல்லாம் பிளாட். முயலே இல்லாத இடத்தில் வேட்டை எதற்கு? 1972 சட்டம் சரியான நேரத்தில்தான் வந்தது என்பது என் கட்சி. கடலையைக் காட்டுப்பன்றி தோண்டிவிட்டுப் போகிறது என்று அழுகிற விவசாயியின் வழக்கு வேறு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டிசம்பரில் கிளம்புவதற்கு முன் பெரியவர் காகிதத்தில் சுற்றிய கறிப் பொட்டலம் ஒன்று கொடுத்தார். வேறொரு சீட்டில், பின்னால் கிடைத்த மான். மகள் தொட மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டம்மா மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தாள். துளிக் கொழுப்பு இல்லாத கறி, கொஞ்சம் நார். "தாத்தா, இது கால் ஒடிஞ்ச மானா?" என்று பேத்தி கேட்டாள். இல்லை, இது வேற மான் என்றேன். ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்கவில்லை.

போன மாதம் அவரிடமிருந்து செய்தி. தோள்பட்டையில் வலியாம், வில்லின் பலத்தை நாற்பத்தைந்து பவுண்டுக்குக் குறைத்திருக்கிறாராம். கிராஸ்போ வாங்கிக்கொள்ளச் சொல்லி மகன் நச்சரிக்கிறானாம். துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து விசையைத் தட்டுகிற வில் அது. நான் இருந்தபோது அதை அவர் கேலி செய்யாத நாள் இல்லை. வாங்கலாமா என்று இப்போது என்னைக் கேட்கிறார். வாங்குங்கள், அந்த ஓடைக்கரைக்கு இன்னொரு தடவை நடக்க நம் இரண்டு பேராலும் முடியாது என்று எழுதியிருக்கிறேன்.