ஈடன் தீவில் மீனுக்கு யார் அழுதது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி காமிக்ஸ் படம் ஒன்றைப் போட்டிருந்தார். மாயாவியின் ஈடன் தீவு. புலி படுத்திருக்கிறது, பக்கத்திலேயே மான் மேய்கிறது, நடுவில் முகமூடியோடு மாயாவி. "பேதமில்லாமல் வாழக் கற்றுத் தந்த தீவு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று கீழே எழுதியிருந்தார். ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். நான் கூப்பவில்லை.

"சாருக்குக் காமிக்ஸ் பிடிக்காது" என்று ஆரம்பிக்காதீர்கள். நானும் அந்தப் பைத்தியம்தான். ராணி காமிக்ஸ் அவரை மாயாவி ஆக்குவதற்கு முன்பே, இந்திரஜால் காமிக்ஸில் வேதாளராக இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். காரைக்குடியில் வாங்கினால் பஸ் கல்லல் வருவதற்குள் படித்து முடித்துவிடுவேன்.

அந்த ஆசையில்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு ஈடன் தீவுக் கதையைச் சொன்னேன். அங்கே புலியும் சிங்கமும் குட்டியிலிருந்தே மீன் தின்று பழகியவை, அதனால் மானைத் தொடாது என்றேன். "அப்ப மீனு பாவமில்லையா தாத்தா?" என்று கேட்டாள். ஐம்பது வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றாத கேள்வி.

அந்தக் கதையில் கணக்கில் வராதது மீன் மட்டும்தானா? 1936 பிப்ரவரி 17 அன்று லீ ஃபாக் என்ற அமெரிக்கர் தொடங்கிய தொடர் அது. 1536இல் கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரையொதுங்கிய ஒரு வெள்ளைக்காரர், அவர் வழியில் இருபத்தோரு தலைமுறை. நானூறு வருஷமாக அந்தக் காட்டில் சண்டையை விலக்குவதற்கும் தீவைக் காப்பதற்கும் கரையொதுங்கியவர் வாரிசுதான் வர வேண்டும். பந்தர் இனத்துக் குள்ள மனிதர்களின் விஷ அம்புக்குக் காடே நடுங்கும். ஆனாலும் அவர்கள் குகை வாசலில் காவல்தான் நிற்பார்கள். காடு அவர்களுடையது, சிம்மாசனம் இவருடையது! யாராவது ஒரு கேள்வி கேட்டோமா?

இன்னொரு சங்கதி கேளுங்கள். அந்தக் கற்பனை நாட்டுக்கு ஃபாக் முதலில் வைத்த பெயர் 'பெங்காலி' என்றே ஒலிக்கும். இந்தியாவில் இந்திரஜால் அதை 'டெங்காலி' ஆக்கியது. கடற்கொள்ளையர் பெயர் 'சிங்', அதை 'சிங்கா' ஆக்கினார்கள். கொலைகாரன் பெயர் 'ராமா', அவன் 'ராமாலு' ஆனான். நம் வாசகர் முகம் சுளிக்கக் கூடாதென்றுதான் இருக்க வேண்டும். தப்பில்லை. ஆனால் இலை உடுத்திய கறுப்பு மனிதர்கள் வெள்ளைக்காரரைச் சாகாத தெய்வமாகக் கும்பிடும் பக்கம் மட்டும் அப்படியே வந்தது. நமக்கு உறைத்த இடத்தில் பேனா எடுத்தோம். அடுத்தவனுக்கு உறைக்கும் இடத்தில் வண்ணப்படம் பார்த்தோம்.

பின்னாளில் லுவாகா என்ற கறுப்பின மருத்துவரை ஃபாக்கே அந்நாட்டுக்கு ஜனாதிபதி ஆக்கினாரே என்று நம் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். உண்மைதான். ஆனால் ஜனாதிபதி வந்த பிறகும் ஈடன் தீவு யார் பொறுப்பில் இருந்தது?

உறவுகள் கோபிக்க வேண்டாம், நம் பக்கமும் இந்தக் கதை உண்டு. என் தாத்தா பெட்டியடிப் பையனாக ரங்கூன் போனவர். அவர் சொன்ன பர்மாக் கதைகளில் பர்மாக்காரன் சிரித்துக்கொண்டே இருப்பான், சோம்பேறி, கடன் வாங்குவான். அவன் ஏன் கடன் வாங்கினான், நிலம் என்னாயிற்று என்பது கதையில் வராது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் நம் பக்கத்து லேவாதேவிக்காரர்கள் கையில் இருந்தது. விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் வந்து சேர்ந்த நிலம்தான், ஆசைப்பட்டுப் பிடுங்கியதில்லை என்று தாத்தா சொல்வார். இருக்கலாம். உழுதவனைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பான். தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும் நாம் அவனைக் கேட்டதே இல்லை.

இப்போது நான் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 1990களின் தொடக்கத்தில் என் வகுப்பில் ஒரு பையன். கறுப்பு, குள்ளம், சுருட்டை முடி. அவனுக்குப் பசங்கள் 'பந்தர்' என்று பெயர் வைத்தார்கள். புத்தகம் எங்கிருந்து வந்தது? நான் பறிமுதல் செய்து என் மேஜையில் வைத்து, நானே இடைவேளையில் படித்ததுதான். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது நானும் வாய்தவறி அந்தப் பெயரையே கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் "உள்ளேன் ஐயா" என்றான். அந்த வருஷம் முழுக்க அவன் என்னைப் பார்த்து வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

பேதமில்லாத தீவு என்று கைகூப்பியவர்களில் அந்த வகுப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். அவனும் குழுவில் இருக்கிறான். அந்தப் படத்துக்கு அவன் கைகூப்பவில்லை, நான் பார்த்தேன்.

காமிக்ஸைக் கொளுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், கூட உட்கார்ந்து படியுங்கள், மீனைப் பற்றி அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. அன்று நான் கூப்பிட்டது தப்பு. கல்லல் வந்தால் வீட்டுக்கு வாப்பா. வர மனமில்லையென்றாலும் எனக்கு வருத்தமில்லை.