சாஃப்ட் ஸ்கில் என்ற பெயரில் சாதி

ஆலங்குடிப் பக்கத்துக் காலனியிலிருந்து படித்துப் போய், சென்னையில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் எங்களிடம் பேசினார். நடுராத்திரியில் சர்வர் நின்றால் அவரைத்தான் எழுப்புவார்கள். ஆனால் டீம் லீட் பதவி இரண்டாம் முறையும் வேறொருவருக்குப் போய்விட்டது. மேலாளர் சொன்ன காரணம்: "டெக்னிக்கலா நீ ஸ்ட்ராங். சாஃப்ட் ஸ்கில் பத்தலை." எதில் குறை என்று கேட்டால் பதில் இல்லை.

பேச்சுத்திறனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாலு பேரிடம் வேலை வாங்குகிறவருக்குக் கேட்கவும் விளக்கவும் தெரிய வேண்டும். அது கற்றுக்கொள்ளக் கூடியது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் கான்வென்ட் ஆங்கிலமும், மேலாளரோடு ஒரே மேசைச் சாப்பாடும், 'நம்ம ஆளு' என்ற நெருக்கமும் சேர்ந்தே ஏறிக்கொள்கின்றன. இவை திறமையா, பிறப்பு தந்த சலுகையா?

2007-ல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்ற மனிதவள மேலாளர்களே, விண்ணப்பிப்பவரின் 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் சொன்னார்கள்.

நம் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள்? 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்று 'திருச்சி பக்கம்' எனச் சொல்லிப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்! வாயை மூடவைத்த அதே சமூகம், பிறகு 'இவன் யாரோடும் கலந்து பழகுவதில்லை' என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

கடல் கடந்தாலும் இது விடுவதில்லை. ஐஐடியில் படித்த ஒரு தலித் பொறியாளருக்காக 2020 ஜூனில் கலிபோர்னியா அரசே சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அவர் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் செய்த பிறகு வாய்ப்புகள் மறுக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2023-ல் இரு மேலாளர்கள் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டாலும், நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

அரசுப் பணியில் பதவி உயர்வில் பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு வழங்க 1995-ன் 77-வது சட்டத்திருத்தம் வழி செய்தது. தனியார் நிறுவனத்தில் அப்படி எதுவும் இல்லை. அங்கே மேலாளரின் மனசுதான் சட்டம்.

எனவே நாம் கேட்க வேண்டியது இதுதான். பதவி உயர்வுக்கான அளவுகோல்களை முன்கூட்டியே எழுத்தில் கொடு. ஒருவரே மதிப்பிடாமல் பலர் மதிப்பிடட்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடு. நிறுவனத்தின் பாகுபாட்டுத் தடை விதிகளில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்.

மாணவத் தோழர்களே, ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள், நமக்குள் பேசிப் பழகுங்கள். ஆனால் 'சாஃப்ட் ஸ்கில் பத்தலை' என்று யாராவது சொன்னால் தலைகுனியாதீர்கள். எந்தத் திறன், எந்தச் சம்பவத்தில், எதை வைத்து அளந்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுதச் சொன்னால்தான் சாதி தடுமாறும்.

ஜெய்பீம்!